அப்பாவின் நினைவு நாள்: திதியிலா, தேதியிலா?

கேள்வி: 1 டிசம்பர் 2024
"அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. தலைத்திவசத்தை இங்கிலீஷ் தேதியில் செய்வதா, திதியில் செய்வதா? வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்." இப்படி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

1 டிசம்பர் 2024, இரவு
எங்கள் வீட்டில் மூன்று கட்சி. அப்பா இறந்தது 2024 ஜனவரி 27, சனிக்கிழமை காலை. தமிழுக்குத் தை 13, தேய்பிறைத் துவிதியை. அக்கா தேதிக் கட்சி: "பிறந்த நாளை எதுல கொண்டாடுறோம்? அதுலதான் இதுவும்." சித்தப்பா திதிக் கட்சி, அவரிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் மூன்றாவது கட்சி.

சிக்கல் என்னவென்றால், வருகிற தையில் அந்தத் திதி ஜனவரி 15 அன்று விழுகிறது. மாட்டுப் பொங்கல். வருஷம் திரும்பாத வீட்டில் பொங்கல் கிடையாது, ஆகவே பண்டிகை கெட்டுப்போகும் என்ற கவலை இல்லை. கவலையெல்லாம் சென்னையிலிருந்து திருச்சிக்கு டிக்கெட்டைப் பற்றித்தான். ரயில் முன்பதிவை இந்த நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்தும் வெயிட்டிங் லிஸ்ட்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 39 வருஷம் வேலை பார்த்தவருக்குத் திவசம் கொடுக்கப் போகிற மகனுக்கு ரயிலில் இடமில்லை. அப்பா கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

தேதி ஏன் நகர்கிறது என்று கேட்பவர்களுக்கு: திதி சந்திரக் கணக்கு. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். அதனால் வருஷா வருஷம் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும்.

3 டிசம்பர் 2024
மேலே நான் எழுதிய கடைசி வரி தப்பு. கும்பகோணத்து நண்பர் ஒருவர் பிடித்துவிட்டார். "அப்படியானால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் உங்கள் அப்பாவுக்கு ஆடியில் திவசம் வருமே?" வராது. மாதத்துக்குச் சூரியன், திதிக்குச் சந்திரன், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் நம் வழக்கம். தை மாதத்துக்குள் தேய்பிறைத் துவிதியை என்றைக்கு வருகிறதோ அன்று. 2026இல் ஜனவரி முதல் வாரம் வருகிற துவிதியை மார்கழியில் விழுகிறது, அது செல்லாது. அடுத்ததற்குக் காத்திருந்தால் பிப்ரவரி 3. ஆக 2024இல் ஜனவரி 27, 2025இல் ஜனவரி 15, 2026இல் பிப்ரவரி 3.

ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்கிறார். 2023 ஆடியில் அப்படித்தான் ஆனது. ஜூலை 17 ஒரு அமாவாசை, ஆகஸ்ட் 16 ஒரு அமாவாசை. பெரும்பாலானவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். இதில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு கட்சி வேறு. அதற்குள் நான் போகவில்லை.

உயிரோடு இருந்த வரை ஒருநாளும் நேரம் தவறாத மனிதர். இப்போது வருஷத்துக்கு ஒரு தேதியில் வருகிறார்.

4 டிசம்பர் 2024
"ஒருநாளும் நேரம் தவறாத மனிதர்" என்பதைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். அவள் கல்யாணத்தில் தாரை வார்க்கிற நேரத்துக்கு அப்பாவைக் காணோம். தேங்காய் போதவில்லை என்று காந்தி மார்க்கெட்டுக்கு சைக்கிளில் போயிருந்தார். மண்டபமே அவரைத் தேடியது. எனக்கு அப்போது பதினான்கு வயது, ஐஸ்கிரீம் பக்கம் நின்றிருந்தேன், ஒன்றும் தெரியாது. சரி, ஒரே ஒரு நாள் தவறியவர் என்று திருத்திக்கொள்கிறேன்.

8 டிசம்பர் 2024
மாலை போட்டு மாட்ட நல்ல படம் இல்லையே என்று கேட்டவருக்கு. எங்களுக்கும் அந்தக் கஷ்டம் இருந்தது. குடும்பத்தில் படம் எடுக்கிற ஆள் அவர்தான் என்பதால் எதிலும் அவர் இல்லை. போனில் இருந்ததெல்லாம் பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு பாதி முகம் தெரிகிற படங்கள். கடைசியில் கைகொடுத்தது பென்ஷனுக்காக எடுத்த படம். ரயில்வேயில் ஓய்வு பெறும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று கொடுக்க வேண்டும். 2013இல் எடுத்தது. ஸ்டுடியோக்காரர் அம்மாவை வெட்டிவிட்டு அப்பாவைப் பெரிதாக்கினார். இடது ஓரத்தில் அம்மாவின் புடவைக் கரை விரல் அகலத்துக்கு நின்றுவிட்டது. அழித்துத் தருகிறேன் என்றார். அம்மா, "இருக்கட்டும், என்ன இப்ப" என்றார். மாலை போட்ட படத்தில் அரக்குக் கரை இன்னும் தெரிகிறது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னொரு கதை. தோற்றம் 1.6.1953 என்று அடித்துவிட்டார்கள். அது பள்ளிக்கூடத்தில் கொடுத்த தேதி. உண்மையில் அவர் 1952 ஐப்பசியில், அடைமழையில் பிறந்தவர் என்று பாட்டி சொல்லுவாள். அந்த ஒன்றாம் தேதியால் அவருக்கு ஆயுள் முழுக்க ஒரு மனக்குறை உண்டு. மாதத்தின் நடுவில் பிறந்தவர்கள் அந்த மாதக் கடைசி வரை வேலை பார்க்கலாம், ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளோடு வீட்டுக்குப் போக வேண்டும். மே 31ஆம் தேதி மாலை வீட்டுக்கு வந்தவர் மாலையைக் கழற்றிக்கொண்டே, "அந்த வாத்தியார் ரெண்டுனு எழுதியிருந்தா இன்னொரு மாச சம்பளம்டா" என்றார். 39 வருஷ வேலையை முடித்துவிட்டு அவர் சொன்னது அவ்வளவுதான்.

15 டிசம்பர் 2024
அப்பாவின் கணக்கு நோட்டுகளை எடுத்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய. 1981இலிருந்து ஒரு வருஷம் விடாமல். பால், அரிசி, மண்ணெண்ணெய், பஸ், ஸ்கூல் பீஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் "பொன்மலைச் சந்தை" என்று ஒரே வரி, அதற்குக் கீழே கத்தரிக்காய் முதல் கருவாடு வரை. 1974இல் ரயில்வே வேலைநிறுத்தம் முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவர் அவர். "ஸ்டிரைக் முடிஞ்சு வந்த மாப்பிள்ளை" என்று மூத்தவர்கள் கடைசி வரை அவரைக் கேலி செய்தார்கள். பிறகு ஒரு சங்கத்தில் சேர்ந்து மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டியிருக்கிறார், அதுவும் நோட்டில் இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு தடவை "இதர" என்று ஒரு வரி வருகிறது. 1980களில் இதர 2. பிறகு 5. 1998இல் இதர 10. என்ன செலவு என்று எழுதவில்லை. தீப்பெட்டியைக் கூடத் தனியாக எழுதியவர்.

16 டிசம்பர் 2024
டீயும் வடையும்தான் "இதர" என்பது என் ஊகம். ஒர்க்ஷாப்பின் ஆர்மரி கேட் வாசலில் கும்பல் கும்பலாக டீ குடிப்பார்கள்.

இரவு சேர்த்தது: இல்லை. டீ தனியாக இருக்கிறது. "டீ 1.50".

22 டிசம்பர் 2024
மேலே ஒரு நண்பர், நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், எல்லோருக்கும் ஒரே நாள் என்று எழுதியிருக்கிறார். பொன்மலையில் வளர்ந்தவன் என்பதால் அந்த நாள் எனக்குத் தெரியும். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றி, ஊரே போகும். அப்பாவும் கூட வேலை பார்த்த நண்பருக்காக ஒரு சாமந்தி மாலையோடு போவார். நோட்டில் இருக்கிறது: மாலை 15.

நமக்கும் பொதுநாள் இருக்கிறதே. மகாளய அமாவாசை, ஆடி, தை. திதி தெரியாதவர்களும் தவறவிட்டவர்களும் அன்று கொடுக்கலாம். இந்த 2025 தை அமாவாசை ஜனவரி 29. எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் நான்காவது கட்சி உருவாகும்.

29 டிசம்பர் 2024
ஈரோட்டிலிருந்து ஒருவர் தனியாக விவரம் கேட்டார், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தள்ளினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும்தான். வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடம். பென்ஷன் ஆர்டரில் அம்மா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். எங்கள் அம்மா பெயரில் ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து ஆதாரில் கூடுதலாக இருந்தது. அந்த எழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை போனோம். நாலாவது தடவை அங்கிருந்தவர், "அம்மா வரலையா?" என்றார். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

குடும்ப பென்ஷனாகக் கடைசிச் சம்பளத்தில் பாதி வரும்.

30 டிசம்பர் 2024
பாதி என்று எழுதியது எல்லோருக்கும் பொருந்தாது. ஓய்வுக்குப் பிறகு இறந்தால், அந்தப் பாதி ஏழு வருஷத்துக்கு, அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அது வரைக்கும்தான். அப்பாவுக்கு 67 தாண்டிவிட்டதால் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே 30 சதவீதம். அதோடு அகவிலை நிவாரணம். ஈரோட்டுக்காரர் மன்னிக்கவும். நானும் பாதி என்று நம்பித்தான் முதல் மாத பாஸ்புக்கைப் பார்த்து சண்டைக்குப் போனேன்.

12 ஜனவரி 2025
பஸ்ஸில் எழுதுகிறேன். நாலு மணி நேரமாகியும் செங்கல்பட்டு தாண்டவில்லை.

கடைசியாக என்ன பேசினார் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். "சிலிண்டர்காரன் ஏதோ நம்பர் கேக்குறான், எந்த நம்பர்டா?" நான் மீட்டிங்கில் இருந்தேன். போனில் வந்திருக்கும், பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். "சரி சரி, நீ வேலையப் பாரு." வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியாகிவிட்டது.

17 ஜனவரி 2025
முடிவு இதுதான். பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி அம்மா வாயைத் திறந்தார். "ஆத்துக்குத் திதி, வீட்டுக்குத் தேதி. ரெண்டும் உண்டு. போய்ப் படுங்க."

மாட்டுப் பொங்கல் காலை ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம். ஊரே மாட்டுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் எள்ளும் தர்ப்பையுமாகப் படியில் உட்கார்ந்தோம். அப்பா பெயர் சொன்னேன், தாத்தா பெயர் சொன்னேன். அதற்கு மேல் ஒருவர் வேண்டும் என்றார் அய்யர். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் சித்தப்பா கண்ணை மூடி யோசித்தார். அவருக்கும் வரவில்லை. திதி தப்பக் கூடாது என்று ஒரு மாதமாகச் சண்டை போட்ட மனிதர்! அய்யருக்கு இது பழக்கம்தான் போல, பெயர் தெரியாதவர்களுக்கு என்று ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிட்டார். திரும்பும்போது சித்தப்பா ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

28 ஜனவரி 2025
நேற்று தேதிப் படி வீட்டில் படையல். சைவமா அசைவமா என்று இன்னொரு சுற்று நடந்தது. அம்மா ஆட்டுக்கறிக் குழம்பும் நெத்திலிக் கருவாடும் செய்தார். கூடவே, டாக்டர் சொன்னதால் கடைசி ஆறு வருஷம் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்த ஊறுகாய் ஒரு கரண்டி. "இனிமே பிரஷர் ஏறுனா ஏறட்டும்."

சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது "இதர" பற்றிக் கேட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லாட்டரிச் சீட்டு."

ஓடிப்போய் நோட்டைப் பார்த்தேன். 2003 ஜனவரியோடு "இதர" நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையைத் தடை செய்த மாதம். இருபத்து சொச்சம் வருஷம் வாராவாரம் வாங்கியிருக்கிறார், எங்கள் இருவருக்கும் தெரியாது. ஊரெல்லாம் கடைகளில் சீட்டைத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்த காலம் அது. தெருமுனைக் கடையைத் தாண்டும்போது, "அதையெல்லாம் பாக்காத, வா" என்று என் கையை இழுத்தவர் அவர்.

29 ஜனவரி 2025
தூக்கம் வரவில்லை. 1998இல் எனக்கு ஒரு கிரிக்கெட் பேட் வேண்டியிருந்தது. 350 ரூபாய். "காசு இல்லடா" என்றார். தென்னை மட்டையில் செதுக்கிக் கொடுத்தார். வாரம் 10 என்றால் வருஷத்துக்கு 520. எட்டு மாதத்து "இதர" என் பேட்.

நாற்பது வயதை நெருங்குகிறவன் இதற்கு வருத்தப்படுவது அசிங்கம்தான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

2 பிப்ரவரி 2025
1998 நோட்டின் கடைசிப் பக்கம். எந்தத் தலைப்பும் இல்லை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

வீட்டு அட்வான்ஸ் 40,000. பாப்பா கல்யாணம் 35,000. அம்மா கண் ஆபரேஷன் 8,000. வளையல் 10,000. தம்பி கடன் 5,000. பையன் 500. சைக்கிள் டயர் 2க்கு 300. மீதி 1,200.

கூட்டினால் ஒரு லட்சம். பரிசுப் பணத்தில் வரி பிடிப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார். "பையன் 500" என்பதைப் பார்த்ததும் பேட் என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் தொண்டை அடைத்தது. அப்புறம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பக்கத்தில் பென்சிலில் பொடியாக எழுதியிருக்கிறது: டியூஷன்.

3 பிப்ரவரி 2025
சித்தப்பாவுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "கடன் 5,000 இல்ல, 4,500" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

17 ஆகஸ்ட் 2025
இந்த இழை இன்னும் ஓடுகிறதா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பிள்ளைகளோடு மலை ரயிலில் போய் வந்தேன், அதற்காக எழுத வேண்டியதாயிற்று.

இதே ரயிலில் அப்பா ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோருமாகப் போனோம். அந்தச் சமயத்தில் மலை ரயிலுக்குப் பொன்மலையில் புதிதாக நீராவி எஞ்சின்கள் கட்டினார்கள், நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடுபவை. ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், அதனால் காட்சி பார்ப்பவர்கள் முன் பெட்டிக்கு அடித்துக்கொள்வார்கள். அப்பா கடைசிப் பெட்டியில் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்தார். கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளம் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டவர் குன்னூர் வரை திரும்பவில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். பள்ளத்தாக்கு, அருவி எதையும் அவர் பார்க்கவில்லை. நாங்கள் காட்டினால், "ம், நல்லாருக்கு" என்பார்.

இந்த முறை நானும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தேன். எண்ணெய்ப் புகையும் இரைச்சலும்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் தலை வலிக்கிறது என்றான், முன்னால் இடம் மாறினோம்.

24 ஆகஸ்ட் 2025
வேறொரு திருத்தம். எங்கள் சமையலறையில் ஒரு கத்தி உண்டு. ஒர்க்‌ஷாப் ரம்பத்தின் பழைய பிளேடைத் தீட்டித் தேக்குக் கைப்பிடி போட்டது. மீன், பலாக்காய், பூசணி, எதற்கும் அதுதான். அப்பா தன் கையால் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், படையல் அன்று பேரன்களிடமும் சொன்னேன். போன வாரம் அப்பாவின் பழைய நண்பர் வந்தார். கத்தியைப் பார்த்ததும், "இது என் வேலையாச்சே" என்றார். அப்பா அதற்குப் பதிலாக அவர் வீட்டு ஓட்டைப் பானை மூன்றுக்குப் பற்றவைத்துக் கொடுத்தாராம். "உங்கப்பனுக்குக் கத்தி தீட்ட வராது, கடைசல்தான் அவன் வேலை."

அம்மாவிடம் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை? "நீ அவ்வளவு ஆசையா சொல்லிக்கிட்டு இருந்த."

4 பிப்ரவரி 2026
நேற்று இரண்டாம் வருஷத் திதி. போன வாரம் 27 தேதிக்கு லீவு, நேற்று திதிக்கு லீவு. மேலாளர் உங்களுக்கு எத்தனை அப்பா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடுவார்கள். பிப்ரவரியில் திதி வந்தால் இன்னும் சில படி இறங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே போனோம். அய்யர் மூன்றாவது பெயர் கேட்டார். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். ஒரு வருஷமாக லால்குடிப் பக்கத்துச் சொந்தங்களையெல்லாம் விசாரித்து, பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் கண்டுபிடித்தாராம். சொல்லிவிட்டுச் சீட்டை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து 2024 நோட்டை எடுத்தேன். அப்பா எழுதியது ஜனவரி 26 வரைக்கும்தான்: பால் 52, கீரை 20. மீதி முழுக்க வெள்ளைப் பக்கம் என்று நினைத்திருந்தேன். அம்மா பிப்ரவரியிலிருந்து அதிலேயே எழுதிக்கொண்டு வருகிறார். பால், கேஸ், மாத்திரை. தேதியை மட்டும் அடித்து மாற்றிக்கொண்டு இரண்டு வருஷமாக அதே நோட்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வரி: இதர 40.

என்னம்மா இது என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? சாப்பிட வா."